திருமுக்கூடல் ரோட்டில் மூன்றாவது தடவை

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைக் கவிழ்த்தபோது எட்டுச் சக்கரங்கள் மேசையில் உருண்டன. ஒன்று தரையில் விழுந்து அவருடைய பூட்ஸ் வரைக்கும் போய் நின்றது. "இன்னாம்மா இது?" என்றார். ஸ்கேட்டிங் சக்கரம் என்றேன். யாருக்கு என்றார். தங்கை மகளுக்கு என்றேன். எந்த ஊர் என்றார். காஞ்சிபுரம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற பெண்பிள்ளை பட்டுப்புடவை எடுக்கப் போவாள். சக்கரம் கொண்டுபோகிறவளை அவர் கண்டதில்லை போலிருக்கிறது. பக்கத்திலிருந்தவரிடம் ஒரு சக்கரத்தைக் கொடுத்தார். அவர் அதை முகர்ந்து பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முகர்ந்துதான் பார்த்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தேழு. பிறந்தது திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது சிங்கப்பூர். மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பூங்காவில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுவேன். புதிதாக வாங்கிய கேமரா போனில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் படம் எடுப்பேன். இரண்டாயிரத்து ஆறில் கேமரா போன் என்பது நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சாமான். "நீ நல்லா எடுக்கிறே சாந்தா" என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். கப்பல் அசையாது என்பதை நான் யோசிக்கவில்லை.

தங்கை செல்வியின் வீடு பிள்ளையார்பாளையத்தில். அவள் கணவர் குமரவேல் தறி நெய்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரே மகள் யாமினி. பிளஸ் டூ முடித்திருந்தாள். சக்கரங்களைக் கையில் வாங்கியதும் ஒன்றை விரலில் கோத்துச் சுழற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் காதோடு வைத்துக் கேட்டாள். "சூப்பர் பெரியம்மா. சத்தமே இல்ல" என்றாள். கட்டிப்பிடிக்கவில்லை, காலில் விழவில்லை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

சாப்பிடும்போது செல்வி விஷயத்தைச் சொன்னாள். சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வெறும் கோப்பைகள் போதாது, சாதனைச் சான்றிதழ் ஒன்று வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள். அதனால் காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கேட்டிங்கிலேயே திருமுக்கூடல் போய் நிற்காமல் திரும்பி வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்.

"கிடைக்கலேன்னா?" என்றேன்.

செல்வி கொத்சுவைக் கிண்டிக்கொண்டே, "அவரு தங்கச்சி வீட்ல பையனுக்குக் கேட்டுக்கினு இருக்காங்க. ஆனி மாசத்துக்குள்ள பதில் சொல்றேன்னு அவரும் சொல்லிட்டாரு" என்றாள்.

யாமினி தட்டைப் பார்த்துக்கொண்டு இட்லியைப் பிட்டாள். குமரவேல் தண்ணீர் குடித்தார். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சென்னையிலிருந்து பார்வையாளர் வந்தார். சந்தானம் சார், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், சாதனைகளைச் சரிபார்க்கிற வேலை. விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் ஒரு படம் வேண்டும். படத்தில் கல்லின் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பிள்ளை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நின்று போஸ் கொடுத்தால் செல்லாது. படம் எடுப்பவர் மோட்டார் வண்டியில் வரக்கூடாது. வண்டியைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம். சைக்கிளில்தான் வர வேண்டும். போக இருபது கல், வர இருபது கல். நாற்பது படம்.

அதற்கெல்லாம் ஒரு ஸ்டூடியோக்காரரைப் பேசி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அவர் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம்மா. காலைல ரெண்டு கல்யாணம். நான் ஒத்துக்கினப்போ காலண்டரைப் பார்க்கல" என்றார். காஞ்சிபுரத்தில் தொழில் செய்துகொண்டு வைகாசி முகூர்த்தத்தைப் பார்க்காத மனுஷரை என்ன சொல்ல? வேறு நாள் வைக்கலாமே என்றேன். முடியாது. அடுத்த வாரம் கருட சேவை. போலீஸ்காரர்கள் அந்த வாரம் முழுக்க எதற்கும் அனுமதி தர மாட்டார்கள். அதற்கப்புறம் மாதம் முடிந்துவிடும்.

"அக்கா எடுக்கும்" என்றாள் செல்வி.

"எது?"

"நீதானே போன்ல படமா எடுத்துத் தள்றே. சைக்கிளும் ஓட்றே."

எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். சுட்டது. "ஏண்டி, அங்கே நான் ஓட்டுறது பூங்காவில லா. லாரி வர்ற ரோட்டிலயா?" என்று சிங்கப்பூர் 'லா'வும் சேர்த்துக் கத்தினேன். யாமினி என்னைக் கெஞ்சவில்லை. "நாளைக்குக் காலைல ஓரிக்கை ரோடுல பார்த்துக்கலாம் பெரியம்மா. வரலேன்னா விட்ருங்க" என்றாள். அப்படிச் சொன்னால் எப்படி விடுவது?

வியாழக்கிழமை காலையில் குமரவேலின் கருப்பு சைக்கிளைக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் வாடகை சைக்கிளுக்கு ஏழு கியர், மெத்தென்ற சீட்டு. இதற்குக் கியரும் இல்லை, மெத்தும் இல்லை. பிரேக் பிடித்தால் யோசித்து நிற்கும். ஹேண்டிலை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையில் போனை நீட்டி முதல் கல்லில் அழுத்தினேன். படத்தில் ஒரு புளியமரம் இருந்தது. இரண்டாவதில் யாமினியின் முழங்கால். மூன்றாவதில் என் கட்டைவிரல். நாலாவதில் கல் இருந்தது, பிள்ளை இல்லை. பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

இதெல்லாம் போதாதென்று திரும்பி வரும்போது இன்னொரு கூத்து. தெருவில் பட்டுப்பாவு, தறியில் ஏற்றுகிற நெடுக்கிழை, நீளவாக்கில் நீட்டிக் கட்டியிருந்தது. ஆயிரக்கணக்கான இழைகள், வெயில் பட்டால்தான் கண்ணுக்கே தெரியும். யாமினி தெருமுனையிலேயே குதிகாலை ஊன்றி நின்றுவிட்டாள். நான் போன் திரையில் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏய்! ஏய்! பாவு! பாவு!" என்று ஒரு அம்மாள் போட்ட கூச்சலில் சைக்கிளை அப்படியே சாய்த்துச் சாக்கடை ஓரம் விழுந்தேன். முன் சக்கரம் இழையைத் தொடுவதற்கு ஒரு முழம்தான் பாக்கி. முழங்கை தோலுரிந்து ரத்தம். அந்த அம்மாள் ஓடிவந்து முதலில் பாவைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "யாரு வூட்டுக்கு வந்துக்கிறே நீ?" என்றாள். குமரவேல் பேரைச் சொன்னதும் தலையிலடித்துக்கொண்டாள். பாவு கெட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு போயிருக்கும்.

ராத்திரி செல்வியிடம் என்னால் ஆகாது என்று சொல்லிவிட நினைத்தேன். யாமினி ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். அன்றைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருந்தாள். "நீங்க அழுத்துனப்புறம் போன் கொஞ்சம் யோசிக்குது பெரியம்மா. ஒரு மிதி நேரம். அதனால கல்லுக்கு முன்னாடியே அழுத்துங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மிதி முன்னால் அழுத்தினேன். கல்லும் பிள்ளையும் ஒன்றாக வந்தார்கள், ஆனால் எல்லாம் கரைந்த மாதிரி. மிதித்துக்கொண்டே எடுத்தால் உடம்பு குலுங்குகிறது என்று நானே கண்டுபிடித்தேன். மிதிப்பதை நிறுத்திச் சைக்கிள் தானாக உருளும்போது, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, அவள் போகிற வேகத்துக்குப் போனையும் கூடவே திருப்பினால் அவள் தெளிவாக விழுந்தாள், பின்னால் மரங்கள் மட்டும் ஓடின. அவளும் ஒன்று கற்றுக்கொண்டாள். காலை உதைக்கிற நொடியில் எடுத்தால் பிள்ளை விழப்போகிற மாதிரி இருக்கிறது. உதைத்து முடித்து ஒற்றைக் காலில் வழுக்கும்போது எடுத்தால் பறக்கிற மாதிரி இருக்கிறது. "ஹாங்" என்று நான் கத்துவேன், அவள் ஒரு நீண்ட வழுக்கு வழுக்குவாள், நான் அழுத்துவேன். சனிக்கிழமை பத்துக்கு ஒன்பது.

அந்த ஒன்பதை வீட்டில் காட்டினேன். குமரவேல் தறியிலிருந்து எழுந்து வந்து போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். மகள் ஓடுவதை அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லையாம். சொந்தக்காரர்கள் "பொண்ணு ரோட்டுல சக்கரம் கட்டிக்கினு சுத்துது" என்று கேலி பேசிப் பேசி அவருக்கு அது கூச்சமாகவே இருந்திருக்கிறது. ஒரு படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "இது அவளா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாவுக்காரம்மாளும் வந்திருந்தாள், என்னைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து நாலடி தள்ளி நின்றாள். குமரவேல் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்து எடுத்து வந்தார். இந்த வீட்டில் உழைக்கிற சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் நல்ல காரியத்துக்குக் கிளம்பாது. ஸ்கேட்டிங் ஷூ இரண்டுக்கும் வைத்தார். சைக்கிள் ஹேண்டிலுக்கு வைத்தார். அப்புறம் என் போனை வாங்கித் திருப்பி, முதுகில் ஒரு பெரிய சந்தனப்பொட்டு, அதன் மேல் குங்குமம். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. நேற்று வரைக்கும் வேடிக்கை பார்க்காத மனுஷர்! பிடிக்க வழுக்குகிறதே என்று, தெருமுனை திரும்பியதும், அவருக்குத் தெரியாமல் கட்டைவிரலால் அதை வழித்து எறிந்தேன்.

சந்தானம் சார் பின்னால் காரில், முன்னால் மோட்டார் பைக்கில் ஒரு கான்ஸ்டபிள், நடுவில் நாங்கள் இரண்டு பேர். முதல் கல். "ஹாங்!" வழுக்கினாள், அழுத்தினேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை, சூரியன் நேர் எதிரே கிழக்கில். எல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. வெயிலில் திரை அப்படித்தான், நிழலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். ஆறாவது கல்லில் ஒரு தடவை நின்று பார்க்கலாமா என்று தோன்றிற்று. நின்றால் அவளை விட்டுவிடுவேனே என்று நிற்கவில்லை. அங்கே நிற்காததை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதாவது கல்லைத் தாண்டியதும் ஒரு மணல் லாரி எங்களை உரசிக்கொண்டு முந்திற்று. அது சிந்திவிட்டுப் போன மணல் ரோட்டில் ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. ஸ்கேட்டிங் சக்கரத்துக்கு மணல் எமன். யாமினி பார்த்துவிட்டாள், ஆனால் ஒதுங்க இடமில்லை. உடம்பைத் தாழ்த்தி, இரண்டு காலையும் நேராக்கி, அப்படியே மணல்மேல் விட்டாள். கரகரவென்று ஒரு சத்தம். தடுமாறி, ஒரு கையால் தரையைத் தொட்டு, நிமிர்ந்துவிட்டாள். நான் "அம்மா தாயே!" என்று அலறியதில் கான்ஸ்டபிளே திரும்பிப் பார்த்தார்.

திருமுக்கூடலில் இருபதாவது கல். கோயிலுக்கு எதிரே மரநிழலில் சந்தானம் சார் படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். விதிப்படி ஒரே ஒரு தடவை ஐந்து நிமிஷம் நிற்கலாம். நதி மூன்று கூடுகிற இடம் என்கிறார்கள். அன்றைக்குக் கண்ணுக்கெட்டின வரைக்கும் மணல்தான். நான் பெருமையாகப் போனை நீட்டினேன்.

அவர் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்னம்மா இது, பனியா?" என்றார்.

பிடுங்கிப் பார்த்தேன். இருபது படமும் பாலில் முக்கியெடுத்த மாதிரி. உருவம் இருக்கிறது, முகம் இல்லை. கல் இருக்கிறது, எழுத்து இல்லை. யாமினி போனை வாங்கித் திருப்பினாள். லென்ஸ் மேல் மஞ்சளாக ஒரு ஏடு, காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்பா வச்சது" என்றாள்.

பொட்டு வைத்தது அவர். அதை லென்ஸ் மேல் இழுத்துத் தேய்த்தது என் கட்டைவிரல். கப்பல் படக்காரி! மூன்று நாள் அத்தனை வித்தை கற்றுக்கொண்டேனே, புறப்படுமுன் லென்ஸைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. "பாவி நான், பாவி" என்று தலையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் நான் சொன்னதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "திரும்பிப் போகும்போது கல்லுக்குக் கல் நின்னு ஒண்ணு ஒண்ணு எடுத்துக்கலாமே சார். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சந்தானம் சார் ஆற்றைப் பார்த்தார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். யாமினிதான் பதில் சொன்னாள். "தெரியும் பெரியம்மா. நிக்கிற கால் வேற, ஓட்ற கால் வேற. நமக்கே தெரியுதே."

சந்தானம் சார் விதித்தாளைப் பிரித்தார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். "எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு இதுல இல்ல" என்றார் மெதுவாக. "இங்கிருந்து காஞ்சிபுரம் போய், திரும்ப இங்க வந்து முடிச்சா அதுவும் போக வரதான். ஆனா இப்பவே கிளம்பணும். அஞ்சு நிமிஷத்தை இங்கயே எடுத்தாச்சு, காஞ்சிபுரத்துல நிக்கக்கூடாது. ஏற்கெனவே இருபது ஓடியாச்சு, பார்த்துக்கோ."

யாமினி ஷூ வாரை இறுக்கினாள். லென்ஸைத் தண்ணீர் தொட்டுத் தன் பனியன் முனையால் மூன்று தடவை துடைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்து, என்னிடம் கொடுத்தாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க. இப்பத்தான் ஒரு தடவை வந்து நின்னாரு. தான்தான் கெடுத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கினு இருப்பாரு."

திரும்பும்போது கற்கள் எல்லாம் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு கல்லுக்கும் கான்ஸ்டபிள் முன்னால் போய் எதிரே வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்த, நாங்கள் வலது ஓரத்துக்குத் தாவி, எடுத்துக்கொண்டு, இடது ஓரத்துக்கு ஓடிவருவோம். ஒரு பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. வெயில் முதுகில் ஏறிற்று. எனக்குத் தொடை எரிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு கல்லும் தெளிவு. ஓடுகிற போக்கிலேயே கையால் நிழல் கட்டிப் பார்த்து "ஓகே" என்று கத்துவேன். அவள் திரும்பாமல் தலையை ஆட்டுவாள்.

தெருமுனையில் மேளம் கேட்டது. சொந்தக்காரர்கள், பாவுக்காரம்மாள், ஆரத்தித் தட்டோடு செல்வி, எல்லோருக்கும் முன்னால் மாலையோடு குமரவேல். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த வாரத்தில் நான் பார்த்ததே இல்லை. யாமினி நேராக அவரிடம் போனாள். அவர் மாலையைத் தூக்கினார். இரண்டடி இருக்கும்போது அவள் உடம்பைச் சாய்த்து, அவரைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்து, வந்த வழியே போய்விட்டாள்.

மேளம் நின்றது. மாலை தூக்கின கை தூக்கினபடி இருந்தது. "யம்மா! எங்கம்மா போறே!" என்று அவர் கூவியது எனக்குப் பின்னால் கேட்டது. "இன்னொரு தடவை தம்பி!" என்று நானும் கத்திவிட்டு மிதித்தேன். திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மூன்றாவது தடவையைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை, இடுப்புவலிதான் இருக்கிறது. யாமினியின் உதடு வெளுத்துவிட்டது. வழுக்கு சின்னச் சின்னதாகிவிட்டது, "ஹாங்" என்றால் அரை நொடி கழித்துத்தான் கால் எழும்பும்; அதற்கும் சேர்த்து முன்னால் அழுத்தப் பழகிக்கொண்டேன். குமரவேல் மாலையோடு யாருடைய மொபெட்டையோ வாங்கிக்கொண்டு சந்தானம் சார் காருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பதினாலாவது கல்லில் என் வலது தொடை இறுகிக் கட்டை மாதிரி ஆகிவிட்டது. சைக்கிளோடு ரோட்டோரம் சரிந்தேன். சரிந்தபடியே அழுத்தினேன். அவள் கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தாள். நிற்க அவளுக்கு விதியில் இடமில்லை.

"என்னால முடியல" என்று வாய்விட்டு அழுதேன். இன்னும் ஆறு கல். மோட்டார் வண்டியில் ஏறக்கூடாது.

குமரவேல் மொபெட்டை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தினார், மாலையை ஹேண்டிலில் மாட்டினார், "பின்னாடி ஒக்காருங்கக்கா" என்றார். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகத் தறியில் மிதித்த கால். குலுக்கல் இல்லாமல் ஒரே சீராகப் போயிற்று. அடுத்த கல் வருமுன்னே மகளைப் பிடித்துவிட்டார். எனக்கு இரண்டு கையும் காலி. அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படங்கள் அந்தக் கடைசி ஆறில்தான் இருக்கின்றன.

பதினேழாவது கல்லுக்கு அப்புறம் அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார். யாமினி பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்காது.

"ரெண்டு தடவைதானே பேச்சு. மூணாவது எதுக்குக்கா?"

"காலைல வெயில் நேரா அடிச்சுது தம்பி. படமெல்லாம் வெளுத்துப்போச்சு."

கொஞ்ச தூரம் மிதித்தார். "இப்பவும் கிழக்கத்தானே போறோம்" என்றார்.

அவர் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வைக்கும்போதே கண்ணாடி மேல பட்ட மாதிரி இருந்துச்சி" என்றார். "தொடச்சிப்பீங்கன்னு நெனச்சேன்."

"தொடச்சேன் தம்பி. தொடச்சதுதான் தப்பாப் போச்சு. என் தப்பு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னா சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னா."

பதினெட்டாவது கல் வந்தது. "ஹாங்!" என்றேன். யாமினி வழுக்கினாள், அழுத்தினேன். அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

"அப்போ நீங்க சொல்லல. எனக்கும் தெரியாது" என்றார். "அவ அப்படியே நெனச்சிக்கினு இருக்கட்டும்."

இருபதாவது கல்லைத் தாண்டியதும் யாமினி புல்லில் போய் விழுந்தாள். ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலும் கொப்புளம் உடைந்து ரத்தமாக இருந்தது. சந்தானம் சார் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கல்லின் எண்ணை வாய்விட்டுச் சொல்வார், தாளில் ஒரு கோடு போடுவார். பதினாலாவது கல்லில் நிறுத்தினார். படம் கோணலாக இருந்தது, சரிந்துகொண்டே எடுத்தது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எழுத்து தெரியுது. ஒரு கால் தரைல இல்ல, ஓடுறா" என்று கோடு போட்டார். நாற்பது ஆனதும் தாளை மடித்து, "மாசக் கடைசிக்கு முன்னாடி கையில கொடுத்துடறேன்" என்றார்.

குமரவேல் மாலையைக் கொண்டுபோய்ப் போட்டார். யாமினி புல்லில் கிடந்தபடியே அவரைப் பார்த்தாள்.

"சாரிப்பா, மாலையோட நிக்க வச்சிட்டேன். எல்லாம் இந்தப் பெரியம்மாவாலதான். படம் எடுக்கத் தெரியாம மொத இருபதையும் கெடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். குமரவேலும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அதானே பார்த்தேன்" என்றார். "சிங்கப்பூர் சிங்கப்பூர்னாங்க. ஒரு போனைக்கூட ஒழுங்காப் புடிக்கத் தெரியல. இவங்கள நம்பிப் புள்ளய அனுப்புனேன் பாரு!"

செல்விக்குப் போன் போட்டும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள், அப்பனும் மகளுமாக, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர். பாவுக்காரம்மாள், "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் காலை நீட்டி உட்கார்ந்து, தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஆமாம் என் தப்புதான், ஆமாம் என் தப்புதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.